அண்ணி துப்பிய கோப்பை

என் அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த முதல் நாள், நான் கொடுத்த தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் ஒரு பக்கமாகச் சுளித்துக்கொண்டு போனது. "இந்த டம்ளர்ல முட்டை அடிச்சீங்களா?" என்று கேட்டாள். அடித்திருந்தோம். முந்தின நாள் காலையில். அதற்குப் பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து எடுத்த டம்ளர் அது. இவளோடு காலம் தள்ளுவது லேசில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

குழாய்த் தண்ணீரில் இரும்பு வாடை என்பாள். பக்கத்து வீட்டுக்காரி ஆசையாகப் போட்டுக்கொடுத்த டீயில் அடுப்புத் துணி வாடை என்பாள். பால்காரரை வாசலில் நிறுத்தி, "மாட்டுக்குத் தீனி மாத்திட்டீங்களா?" என்று விசாரித்ததில் அந்த மனுஷன் எங்கள் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். என் அண்ணன் வேன் ஓட்டுகிறவன். போன இடத்தில் கிடைத்ததைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்கிற ரகம். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "மீன் வறுவல். பழைய எண்ணெய். சீ, கொப்பளிச்சிட்டு உள்ள வாங்க."

தெருவில் அவளுக்குச் 'சுளிப்பு' என்று பேர் வைத்தார்கள். அவள் காதுபடவே கூப்பிட்டார்கள். எனக்கும் அப்போது அவளைக் கண்டால் எரிச்சல்தான். நான் சமைத்ததைத் தின்றுவிட்டு ஒருத்தி மூஞ்சியைச் சுளித்தால் எந்த நாத்தனாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஆனால் ஒன்று. முகத்துக்காக அவள் பொய் சொல்ல மாட்டாள். நன்றாயிருந்தால் நன்றாயிருக்கிறது என்பாள். அது எப்போதாவது நடக்கும். நடந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவாது.

எங்கள் தெரு முனையில் எலுமிச்சை சிரப் கம்பெனி இருந்தது. வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கலந்து குடிக்கிற, கழுத்து நீண்ட பாட்டிலில் வருகிற சிரப். நானும் அண்ணியும் அங்கே லேபிள் ஒட்டப் போனோம். மதிய நேரத்தில் வேலையாட்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் கலந்து கொடுப்பார்கள். எல்லோரும் மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வோம். அண்ணி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது ரெண்டு நாள் சரக்கைக் கலந்தது. ஒண்ணுல தோல் கூடப் பிழிஞ்சிருக்கு," என்றாள். கலவைத் தொட்டியை ஆண்டு வந்த கலவைக்காரர் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டார். அவள் சொன்னது சரி என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"தங்கச்சி, கொஞ்சம் என்கூட வாம்மா," என்று அவளை நேரே பெரிய முதலாளியிடம் அழைத்துப் போனார். முதலாளிக்கு ஒரு காய்ச்சலில் நாக்கு செத்துப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சர்க்கரையும் சாம்பலும் அவருக்கு ஒன்றுதான். ருசி பார்க்கிற வேலையை அன்றைக்கே அண்ணிக்குக் கொடுத்தார். துணைக்கு ஆள் வேண்டும் என்று அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டாள்.

ருசி அறை என்று பேர்தான் பெரிது. ஜன்னல் இல்லாத, சுவரில் வெள்ளை ஓடு பதித்த அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு வாளி. மேஜையில் மூன்று பீங்கான் கோப்பைகள் வைப்பேன். இரண்டில் பழைய சரக்கு, ஒன்றில் புதுசு. எது எது என்பது கோப்பையின் அடியில் இருக்கும் பொட்டைப் பார்த்தால்தான் தெரியும், அதை நான் மட்டும் பார்ப்பேன், வாயைத் திறக்கக் கூடாது. அண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, வாளியில் துப்பி, வெந்நீரில் கொப்பளித்து அதையும் துப்புவாள். எந்தக் கோப்பை வேறு என்று கண்டுபிடித்துவிட்டால் புதுச் சரக்கு திரும்பிப் போகும். மூன்றும் ஒன்றுதான் என்றால் பாட்டிலுக்குப் போகும். அந்த எச்சில் வாளியைக் கழுவுகிறது என் வேலை. வீட்டிலும் அவள் துப்பல், இங்கேயும் அவள் துப்பல் என்று அண்ணனிடம் சொல்லி அழுதிருக்கிறேன். அவன் சிரித்தான், அவனுக்கென்ன.

அந்தப் பழைய சரக்கில்தான் எல்லாம் இருக்கிறது. மாதிரி பாட்டில் என்று அலமாரியில் வைத்திருப்போம். எலுமிச்சை நாள்பட்டால் கசக்கும் இல்லையா? அதனால் மாதிரி பாட்டில் பழசானால் கொட்டிவிட்டு, கடைசியாகத் தேறிய சரக்கிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து அந்த இடத்தில் வைப்போம். இதில் என்ன தப்பு இருக்கிறது? ஒன்றும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

முதலாளிக்கு முடியாமல் போகவும் கம்பெனி மாப்பிள்ளையின் கைக்கு வந்தது. மகளைக் கட்டியவர். எங்களுக்கும் அவர் மாப்பிள்ளைதான், அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவோம். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, எப்போதும் ஒரு சிரிப்பு. வந்த கொஞ்ச நாளில் சாற்றைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டச் சொன்னார். அந்தச் சரக்கு ருசி அறைக்கு வந்தது. அண்ணி நடுக்கோப்பையை நாக்கில் வைத்தாளோ இல்லையோ, "த்தூ. யாரோ தொட்டி கழுவின தண்ணி," என்று கோப்பையைத் தள்ளிவிட்டாள். மாப்பிள்ளை கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "அம்மாடி, நாக்குன்னா இது நாக்கு!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த முறை குறைத்தது கொஞ்சூண்டு. அண்ணி மூன்று கோப்பையையும் இரண்டு சுற்றுப் பார்த்தாள். "எல்லாம் ஒண்ணுதான்," என்றாள். சரக்கு தேறியது. கொஞ்ச நாளில் அதுவே மாதிரி பாட்டில் ஆனது. அதற்கப்புறம் அதிலிருந்து ஒரு கொஞ்சூண்டு. அது மாதிரி பாட்டில் ஆனதும் அதிலிருந்து ஒரு கொஞ்சூண்டு. கலக்கியது கலவைக்காரர் கைதான். "ருசி அறையில தேறினாப் போதும்ணே, உங்களுக்கு என்ன?" என்று மாப்பிள்ளை சொன்னாராம். இவரும் தலையாட்டியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கோப்பையும் வாளியும்தான். வருஷங்கள் ஓடின. கல்யாணத்துக்குப் பிறகும் நான் பிறந்த வீட்டிலேயேதான் இருந்தேன்; என் பிள்ளைகள் அந்த சிரப்பைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள்.

இதற்கு நடுவில் அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். உப்பு இல்லாவிட்டால் தட்டைத் தூக்கி எறிகிற ஆள் அவன். அண்ணி அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஒரேயடியாக் குறைச்சாத்தானே தெரியும்? ஒரு சிட்டிகை குறைப்பேன். அது பழகினதும் இன்னொரு சிட்டிகை. நேத்துச் சோத்தோடதானே இன்னிக்குச் சோத்தை ஒப்பிடுவாரு? போன வருஷச் சோறு யார் நாக்குல நிக்குது?" என்றாள். அப்படியே செய்தாள். அண்ணன் ஒரு நாள்கூட முகம் கோணவில்லை. நான்தான் என் தட்டுக்குத் தனியாக உப்புத் தூவிக்கொண்டு தின்றேன். எங்கள் வீட்டுச் சாப்பாடு கடைசியில் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அவன் விரலைச் சூப்பிக்கொண்டு தின்றான்.

ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தோம். முதல் வாயிலேயே அண்ணனுடைய கண் சுருங்கி, மூக்கு ஏறி, உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. "கண்றாவி! எவன்டா சமைச்சான்? உப்பை மூட்டையோட கவிழ்த்துட்டானா?" என்று சத்தம் போட்டான். பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. சாப்பாட்டில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த முகத்தை நடித்துக் காட்டாத வீடு இல்லை. ருசி அறையில் கலவைக்காரருக்கும் நடித்துக் காட்டினாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இப்படிக்கூடப் பண்ணலாமா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைகளிலிருந்து பாட்டில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. முன்ன மாதிரி இல்லை, சப்பென்று இருக்கிறது என்று வெளியூர்க் கடைக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள். அண்ணிக்குக் கோபமான கோபம். "என் வாய்க்கு வராம ஒரு சொட்டு வெளியில போனதில்ல. இவனுங்க நாக்குல புத்து வச்சிருக்கு," என்று கரித்துக் கொட்டினாள். விஷயம் படுக்கையில் கிடந்த பெரிய முதலாளியின் காதுக்குப் போயிற்று. அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கம்பெனிக்கே வந்துவிட்டார்.

"சரக்கை யார்டா கெடுத்தது?" என்று கேட்டார்.

கலவைக்காரர்தான் முன்னால் வந்தார். "நான்தாங்க கலந்தேன். மாப்பிள்ளை சொல்லித்தான் கலந்தேன். கொஞ்சம் கொஞ்சமா இப்ப பாதிக்குமேல தண்ணிங்க. நேத்து என் வீட்டுக்கு வந்தவங்களுக்கு இதைக் கொடுத்தேன். டம்ளர் கழுவின தண்ணியான்னு கேட்டாங்க. எனக்கு அப்பத்தான் ரோஷம் வந்துச்சு."

மாப்பிள்ளையின் சிரிப்பு அசையவில்லை. "மாமா, இவருக்கு வயசாயிடுச்சு. தொட்டியில கை தவறினதை என் தலையில கட்டப் பார்க்கிறார். சரக்கு மாறியிருந்தா நம்ம ருசி அக்காவுக்குத் தெரியாமலா போகும்? அவங்களையே கேளுங்க."

பெரிய முதலாளி அண்ணியைப் பார்த்தார். அண்ணி கலவைக்காரரைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அவர் சொல்வது மெய் என்றால் இத்தனை வருஷமாக அவள் தண்ணீரைத் தேற்றி அனுப்பியிருக்கிறாள் என்று அர்த்தம். அவளிடம் அந்த நாக்கைத் தவிர வேறு என்ன இருந்தது? படிப்பு இல்லை, பிள்ளை இல்லை, தெருவில் ஒரு நல்ல பேர்கூட இல்லை. "அண்ணே, நீங்க எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். அதுக்காகப் பொய்க்குச் சாட்சி சொல்ல முடியாது. சரக்கு மாறவே இல்ல," என்றாள்.

"சரி," என்றார் முதலாளி. "நம்ம ஆதி அளவு இவருக்கு மனப்பாடம். அந்த அளவுல இப்பவே கலக்கட்டும். இன்னிக்குச் சரக்கையும் பக்கத்துல வைங்க. எது என் சரக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லட்டும். இவரு சொல்றது பொய்யின்னா இவரு வீட்டுக்குப் போகட்டும். மெய்யின்னா மாப்பிள்ளை இந்தப் பக்கமே வரக் கூடாது."

கலவைக்காரர் எங்கள் கண்முன்னால் பழம் பிழிந்தார். சர்க்கரைப் பாகை ஊற்றினார். நான் மூன்று கோப்பையில் ஊற்றினேன். இரண்டில் அன்றைய சரக்கு, ஒன்றில் அவர் கலந்தது. அந்தக் கோப்பையிலிருந்து வந்த வாசனையிலேயே எனக்குப் புரிந்துபோயிற்று. பிழிந்த தோலின் காரம் மூக்கில் ஏறியது. மற்ற இரண்டிலும் மஞ்சள் நிறம் மட்டும்தான் இருந்தது. ஆனால் ஊற்றுகிறவள் வாயைத் திறக்கக் கூடாது, முதலாளியே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணி முதல் கோப்பையை எடுத்தாள். உருட்டினாள், துப்பினாள். இரண்டாவது, அதுவும் அப்படியே. மூன்றாவதை வாயில் வைத்தாள்.

கண் சுருங்கியது. மூக்கு ஏறியது. உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

வாளிவரைக்கும்கூடப் போகவில்லை, மேஜைமேலேயே துப்பினாள். புறங்கையால் நாக்கைத் தேய்த்தாள். "சீ! கண்றாவி! இதுல எவனோ தொட்டி கழுவுற ஆசிட்டை ஊத்திட்டான். புளிப்பு பல்லைப் பிடுங்குது, கசப்பு வேற. இது நம்ம சரக்கே இல்லைங்க. முதல் ரெண்டும்தான் நம்மது."

மாப்பிள்ளை கை தட்டினார். முதலாளி, பாவம், அந்தக் கோப்பையை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்தார். செத்த நாக்கில் என்ன தெரியும்? திருப்பி வைத்துவிட்டார். கலவைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அண்ணி மேஜையில் துப்பியதைத் தானே துடைத்தார். "அது நீ ருசி பார்க்க வந்த முதல் நாள் சரக்கு தங்கச்சி," என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். கேட்டில் நின்றவன் அவர் பையைத் திறந்து சோதனை போட்டுத்தான் அனுப்பினான். இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷனை அப்படி அனுப்பினார்கள்.

சாயங்காலம் வீட்டில் அண்ணி வெற்றிச் செய்தி சொன்னாள். "வாயில வச்சதும் இப்படி ஆயிடுச்சுங்க," என்று அந்த முகத்தை அண்ணனுக்குச் செய்து காட்டினாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "அடியே, இது என் மூஞ்சி! கல்யாண வீட்ல உப்புக்கு நான் வச்ச மூஞ்சி. நீதான் ஊரெல்லாம் நடிச்சுக் காட்டினியே!"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அண்ணியின் முகம் அப்படியே நின்றுபோயிற்று. உதடு கோணியது கோணியபடி இருந்தது. என்னைப் பார்த்தாள். "நீதானே ஊத்தின? சொல்லு." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எழுந்து போய் உப்பு ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் போனேன். "நான் தப்பாச் சொல்லிட்டேங்க. கலவைக்கார அண்ணன் சொன்னதுதான் நிஜம். என் நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக் கழுவிட்டாங்க, எனக்கே தெரியல," என்றாள்.

கிழவர் களைத்துப்போயிருந்தார். "நேத்து ஒரு நாக்கு, இன்னிக்கு ஒரு நாக்காம்மா? எதை நம்பறது நான்?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னாலிருந்து மாப்பிள்ளை வந்தார். "அக்காவுக்கு மனசு இளகின மனசு. பழகினவர் போயிட்டாரேன்னு வருத்தம். ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்கக்கா, சம்பளம் பிடிக்க மாட்டோம்," என்று அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்கேயாவது போய்க் கையைக் கழுவ வேண்டும் போல இருக்கும்.

அண்ணி அதற்குப் பிறகு அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அவள் இடத்தில் மாப்பிள்ளையின் தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் உட்கார்ந்தான். வெற்றிலையும் புகையிலையும் குதப்பிக்கொண்டே ருசி பார்க்கிறவன். மூன்று கோப்பையும் எப்போதும் ஒன்றுதான் அவனுக்கு. அந்த வாளியைக் கழுவ என்னால் முடியவில்லை, மறுபடி லேபிளுக்கே போய்விட்டேன். புது லேபிள் வந்திருந்தது. பாட்டில் கழுத்தில் பொன் எழுத்தில் 'அன்று போல் இன்றும்' என்று போட்டிருந்தார்கள். தூ! நாள் முழுக்க அதை என் கையால் ஒட்டினேன்.

விடுமுறை நாளன்று அண்ணி என்னை அழைத்துக்கொண்டு கலவைக்காரர் வீட்டுக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒரே அறை வீடு. அவருடைய மனைவி கதவைத் திறந்துவிட்டு எங்களை உள்ளே வா என்று சொல்லாமல் நின்றாள். அவர்தான், "வரட்டும் விடு," என்றார்.

அண்ணி உட்காரவில்லை. "அண்ணே, அன்னிக்குக் கலந்தீங்களே, அதே மாதிரி ஒண்ணு கலந்து கொடுங்க," என்றாள்.

"எதுக்கும்மா? துப்பவா?" என்று கேட்டாள் அவர் மனைவி.

அவர் பழத்தை நறுக்கினார். எனக்கும் சேர்த்து இரண்டு டம்ளர். நான் ஒரு வாய் குடித்தேன். பல் கூசியது, தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதையா நாம் சின்ன வயதில் அடித்துப் பிடித்துக் குடித்தோம் என்று இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். "நல்லா இருக்குண்ணே," என்றேன். அவருக்கு அந்தப் பொய் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அண்ணி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வாய்க்கும் அந்த முகம் வந்தது. கண் சுருங்கி, மூக்கு ஏறி, உதடு கோணி. உடம்பு உதறியது. ஒரு வாய்கூடத் துப்பவில்லை. அவர் மனைவிக்கே பாவமாகிவிட்டது. "பிடிக்கலேன்னா வச்சிடேம்மா, யார் உன்னைக் கட்டாயப்படுத்துறா?" என்றாள்.

அண்ணி கடைசிச் சொட்டுவரை விழுங்கினாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மேலே வந்ததை உள்ளே தள்ளுகிறாள் என்று தெரிந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

அவரைப் பார்த்தே சொன்னாள். "நல்லா இல்லண்ணே. வாய் இன்னும் அந்தத் தண்ணிச் சரக்கைத்தான் கேக்குது."